இரும்புக் காலில் வைத்த பொட்டு

எய்யா,

இங்கன எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்க எனக்கும் தெரியும். இன்றைக்கு அப்படித் தொடங்க மனசு வரவில்லை. முந்தாநாள் உன் தங்கச்சி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். "எம்மா, அண்ணன் மேடையில ஒன்னப் பத்திப் பேசியிருக்கான், பாரேன்" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நானும் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து பார்த்தேன். கோட்டு போட்டு, காதோரம் மைக் மாட்டி, அழகாகத்தான் நின்றாய். பெத்தவளுக்கு வயிறு குளிராமலா இருக்கும்? உனக்குப் பின்னால் பெரிய திரையில் நம்ம கப்பல் சாமான் கொட்டகை, நம்ம செட்டு. கயிறு கட்டும் பெயின்ட் டிரம்முமாக, கூரையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிற, ஃபைபர் இழுக்கிற உன் டவரும் அதில் தெரிந்தது. அப்பா தலைகூட ஓரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் போனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பார்த்தேன்.

நீ பேசின இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் விளங்கியது. பாதியே போதுமானதாக இருந்தது. "முதல் முதலாக ஆட்களைக் கூட்டி வைத்து ஃபைபர் இழுத்துக் காட்டின அன்றைக்கு, என் அம்மா பாசத்தோடு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடிக் குழாயில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள், அந்தச் சந்தனம்தான் என் முதல் கம்பெனியை மூடியது" என்றாய். திரையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்கு நெற்றியில் பொட்டு, கண்ணும் வாயும் வரைந்த பொம்மைப் படம். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நீயும் சிரித்தாய். எத்தனை தடவை சொல்லிப் பழகியிருந்தால் எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று உனக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கும்? நல்லா இருந்துச்சாய்யா? ஒங்கம்மாவ வச்சு நாலு பேர் சிரிச்சது ஒனக்கு இனிச்சுச்சா?

அது போதாதென்று இன்றைக்குக் காலையில் நீயே கூப்பிட்டாய். சென்னைக்கு வெளியே புதுசாகக் கட்டியிருக்கிற இடத்தில் பெரிய டவர் ஏறிவிட்டது, திறப்புக்கு வா என்றாய். வருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள், "எம்மா, நீயே வந்து அதுல சந்தனப் பொட்டு வச்சிரும்மா. வீடியோ எடுப்பாங்க. அந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவு மாதிரி இருக்கும்" என்றாய். அப்பா போனதிலிருந்து நல்ல காரியத்துக்கு யாரும் என்னை முன்னால் நிற்கச் சொல்வதில்லை, நானும் நிற்பதில்லை. அதைச் சொன்னேன். "அதெல்லாம் நாங்க பாக்க மாட்டோம்மா" என்றாய், பெரிய மனசு பண்ணி. பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் பேசாமல் கடைசி வரைக்கும் படி.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வாழ்க்கைப்பட்ட வீட்டில் எனக்குப் பெரிய படிப்போ நகையோ கொண்டுவந்தவள் என்ற பேர் கிடையாது. கைராசிக்காரி என்ற பேர்தான் இருந்தது. கல்யாணமான புதுசில் உங்க அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறும் பெயின்டும் காய்கறியும் கொடுக்கிற தொழிலைச் சின்னதாகத் தொடங்கியபோது, முதல் சரக்குக்கு என்னைத்தான் பொட்டு வைக்கச் சொன்னார்கள். அது கைகூடிவிட்டது. அதிலிருந்து எது வாங்கினாலும் என் கைதான். சின்ன யானை லோடு வண்டி வாங்கினால் நான், லாரி வாங்கினால் நான். பக்கத்துச் செட்டு அண்ணாச்சி மாலத்தீவுக்கு ஓட்டப் புதுச் சரக்குத் தோணி இறக்கினபோது, அவர் வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் நிற்க, "மதினிய வரச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினார். நீ அப்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாய். தோணி மூக்கில் எட்டாமல் நான் எக்கி எக்கிப் பொட்டு வைத்ததைப் பார்த்து, எங்கம்மா வச்சாத்தான் கப்பல் மிதக்கும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நீ. கைராசி என்று ஒன்று உண்டா இல்லையா என்று என்னிடம் வாதம் பண்ண வராதே. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது என் பேர். ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேர்தான்.

நீ படிப்பை முடித்துவிட்டு, வேலைக்குப் போக மாட்டேன், சொந்தமாக ஃபைபர் இழுக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது உங்க அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. செட்டில் பாதியை ஒழித்துக் கொடுத்தார்கள். டவர் உயரத்துக்குக் கூரை பத்தாது என்றாய், கூரையை அறுத்து மேலே தகரப் பெட்டி கட்டிக் கொடுத்தார்கள். எதிர்த்த டீக்கடையில் அதற்குப் புறாக்கூண்டு என்று பேர். உலையைக் குளிரவைக்க நம்ம ஊர் உப்புத் தண்ணீர் ஆகாது என்றாய், வீட்டுக்குக்கூட இல்லாமல் நல்ல தண்ணீர் லாரியை அங்கே திருப்பி விட்டார்கள். கேபிள்காரன் இழுக்கிற ஃபைபர் முழுக்கக் கண்ணாடி, நான் செய்யப்போவது வெளியே கண்ணாடி, உள்ளே சிலிக்கான் என்று நீ சாப்பாட்டுத் தட்டில் விரலால் வரைந்து காட்டினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. செல்போனுக்குள் இருக்கிற சில்லுக்கு என்ன சாமானோ அதே சாமானை மயிர் மாதிரி மெல்லிசாகக் கண்ணாடிக்குள் ஓட்ட வேண்டும். பென்சில் மாதிரி ஒரு சிலிக்கான் தண்டைக் குழாய்க்குள் சொருகி உலைக்குள் இறக்கினால், முதலில் உள்ளே இருக்கிறது உருகித் தண்ணீராகிவிடும், அப்புறம்தான் கண்ணாடி பாகு மாதிரி இளகும், அப்போது இழுக்க வேண்டும் என்றாய். இழுத்துக் கீழே வருகிற வழியில் உள்ளே உருகினது ஆறி மறுபடி படிகமாகிவிட வேண்டும். அவசரப்பட்டால் படிகம் சிதறும், வெடிக்கும், துண்டு துண்டாகப் போய்விடும். "கற்கண்டுப் பானைய ஆட்டினா சீனியாப் போயிரும்லா, அது மாதிரியாலே?" என்று உங்க அப்பா கேட்டார்கள். அதேதான்ப்பா என்றாய். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் நீதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்றும் நீதான் சொல்லித் தந்தாய். தொடக்கத்தில் ஒரு நாள், உனக்கு டீ கொண்டுவந்த நான், பலகையில் கிடந்த கண்ணாடிக் குழாயை உருண்டு விழாமல் இருக்கட்டுமே என்று நகர்த்தி வைத்துவிட்டேன். அதை உலையில் வைத்து எடுத்ததும் என் கட்டைவிரல் ரேகை சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் பூத்துக் கிளம்பியது. நீ திட்டவில்லை. அதைக் கையுறையோடு பிடித்து என் முன்னால் நீட்டி, "கையில இருக்க உப்பும்மா. அந்தச் சூட்டுல உப்பு பட்ட எடத்துல கண்ணாடி கண்ணாடியா இருக்காது, பொரிஞ்சு போயிரும். இந்த ஊர்ல காத்தே உப்பு, அதனால ரெண்டு மடங்கு சுத்தம் வேணும்" என்றாய். அன்றிலிருந்து குழாய் துடைக்கிற வேலை என்னுடையது. கையுறை போட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, பாலிதீன் உறையில் போட்டுக் கட்டி வைப்பேன். குழாயின் உள்சுவரில் நீ சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவைக்கும்போது மூச்சுகூட விடாமல் பக்கத்தில் நிற்பேன். உருகின சிலிக்கான் கண்ணாடியைக் கரைத்துத் தின்னாமல் இருக்க அந்தப் பூச்சு என்று எனக்குத் தெரியும். டவரில் கீழே சுற்றுகிற உருளைப் பக்கம் நின்று நூல் வருகிறதா என்று குரல் கொடுத்தவளும் நான்தான். நான் ஒன்றும் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்து உள்ளே வந்தவள் இல்லை.

ஆட்கள் வருவதற்கு முந்தின வாரம் நூல் ஒழுங்காக வந்ததே, அதுவும் ஞாபகம் இருக்கிறதா? மெதுவாக, பொறுமையாக இழுத்தாய். கண்ணாடிக்கு நடுவில் கருப்புக் கோடு அறுபடாமல் ஓடியது. ஒரு முனையில் எதையோ வைத்து, இது நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்மா என்றாய். மறுமுனையைப் பார்த்த கேமரா படத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. நீ குதித்தாய். உங்க அப்பா உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னலே அது, என்னலே அது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கப்பல் எஞ்சின் ரூமிலும் வின்ச் சத்தத்திலும் பாதி ஆயுசைக் கழித்ததில் அவர்களுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது, வலது காதிலும் கத்திச் சொன்னால்தான் விழும். நீ வலது பக்கம் போய் நின்று கத்திக் கத்தி விளக்கினாய்.

அந்த நாளுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் தொழிலுக்குக் கை கொடுப்பார்கள் என்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஏளா, ஒங்கையால ஒரு பொட்டு வச்சிரு, மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்று சொன்னது அப்பாதான். நான் உன்னைக் கேட்டேன். கேட்காமல் செய்வேனா? "இரும்புல வைம்மா, கண்ணாடிப் பக்கம் போகாத" என்றாய். நீ பக்கத்தில் நிற்க, டவரின் முன்பக்கத்து இடது இரும்புக் காலில், முழங்கால் உயரத்தில் குனிந்து வைத்தேன். கண்ணாடிக் குழாய் எங்கே இருந்தது? என் தலைக்கு மேலே, ஏணி போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில், நான் துடைத்துக் கொடுத்து நீ மாட்டியபடி தொங்கியது. பொட்டு வைத்துவிட்டுத் தட்டோடு சுவரோரம் போய் நின்றுகொண்டேன். பிறகு சென்னைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நம்ம ஊர் உப்புக் காற்றைப் பற்றியும், கை பட்டால் கண்ணாடி என்ன ஆகும் என்பதைப் பற்றியும் அவர்களுக்கு நீ பெருமையாக விளக்கினாய். உலை ஏறியது. நூல் இறங்கத் தொடங்கியது. நல்லாத்தான் வந்தது, எய்யா. அந்த இரண்டு பேரில் ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வாகைகுளம் ஏர்போர்ட்டில் பிளைட்டைப் பிடிக்க வேண்டும், இன்னும் எவ்வளவு நேரம் என்றார். நீ, இதோ முடிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுகிற திருகைத் திருப்பினாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மறுபடியும் திருப்பினாய். நூல் மெலிந்தது. உள்ளே ஓடின கருப்பு அங்கங்கே அறுந்து புள்ளி புள்ளியாக வந்தது. படக்கென்று முறிந்து உருளையில் சுருண்டது.

என்ன ஆச்சு என்று அவர்கள் கேட்டார்கள். நீ முறிந்த முனையைப் பார்த்தாய், உலையைப் பார்த்தாய், அப்புறம் சுவரோரம் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "பூஜை போடும்போது அம்மா தெரியாமக் கண்ணாடியத் தொட்டுட்டாங்க போல. சந்தனம் பட்டிருக்கும்" என்றாய். இரண்டு பேரும் திரும்பி என் தட்டைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலது காதுக்குக் கையைக் கொடுத்து, "என்னலே சொல்லுத?" என்றார்கள். நீ அப்பா பக்கத்தில் போய், "அம்மா கை கண்ணாடில பட்டுட்டுப்பா! சந்தனம் பட்டுட்டு! அதான் ஒடஞ்சிட்டு!" என்று கத்தினாய். வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் இருந்தவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

வந்தவர்கள் காரேறிப் போனதும், அப்பாவும் ரோட்டுப் பக்கம் போனதும், நீ உருளைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். நீயாகத்தான் சொன்னாய், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். "எம்மா, நான்தான் அவசரப்பட்டுட்டேன். வேகத்தக் கூட்டிட்டேன். அப்பாட்ட இப்பம் சொல்லாதம்மா. அடுத்தாப்ல சரியா இழுத்துக் காட்டிட்டு நானே சொல்லுதேன்." சரி போ என்றேன். வேறென்ன சொல்வேன்? மத்தியானம் சாப்பிடும்போது உங்க அப்பா கேட்டார்கள்: "ஏளா, இரும்புல வைன்னுதான சொன்னான், கண்ணாடிய ஏன் தொட்ட?" நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைத் தூக்காமல் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "தெரியாமப் பட்டுட்டு" என்றேன். அவர்களுக்குக் கேட்க வேண்டுமே, நானும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியதாயிற்று. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வந்தவர்கள் திரும்ப வரவில்லை. நீ வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டுப் போய்விட்டாய். இங்கே கிடந்தவள் நான்தான். அதற்குப் பிறகு வந்த முதல் லாரிக்கு நான் வழக்கம்போலக் குளித்து, சந்தனம் குழைத்து, எலுமிச்சம்பழமெல்லாம் எடுத்துத் தட்டோடு வாசலுக்கு வந்தேன். உங்க அத்தையும் வந்திருந்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஏளா, நீ இரி. அக்கா வைக்கட்டும்" என்றார்கள். மெல்லத்தான் சொன்னார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். தட்டை உங்க அத்தை கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கொதிக்காத உலையை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றேன். தெருவுக்கு அது போதாதா? பக்கத்துச் செட்டு அண்ணாச்சி அடுத்த தோணி இறக்கினபோது எங்களுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். மதினியை வரச் சொல்லுங்க என்று அப்புறம் யாரும் ஆள் அனுப்பவில்லை. உங்க அப்பா என்னைக் கை நீட்டி அடித்தவர்கள் இல்லை, குறை வைத்தவர்கள் இல்லை. ஆனால் மகன் பிழைப்பைக் கெடுத்தவள் இவள் என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டே என்னோடு சாப்பிட்டார்கள், என்னோடு கோயிலுக்கு வந்தார்கள். எனக்கு அது தெரியும். அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். உனக்கு மட்டும் அது எதுவும் தெரியாது, ஏனென்றால் நீ இங்கே இல்லை.

ஒவ்வொரு தடவை நீ கூப்பிடும்போதும் அப்பாட்ட சொன்னியா என்பேன். அடுத்த மாசம்மா என்பாய். சரியாக இழுத்துவிட்டுச் சொல்கிறேன் என்பாய். இழுத்தாய். ஒரு நாள் அங்கிருந்து வீடியோவில் வந்து, உருளை நிறையச் சுற்றின நூலைத் தூக்கிக் காட்டினாய். உள்ளே படிகம் அறுபடாமல் ஒரே ஓட்டமாக ஓடியிருக்கிறது, அதற்குமேல் லேசர் காட்டி இன்னும் சீராக்குகிறோம் என்று என்னென்னவோ சொன்னாய். போனை அப்பாவின் வலது காதுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இப்போது சொல்லிவிடுவான் என்று போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அங்கன ஒங்கம்மா இல்லல்லா, அதான் நல்லா வந்துட்டு" என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் கையில் இருந்த போனிலிருந்து உன் சிரிப்பு முழுச் சத்தத்தில் வந்தது. முறிந்த நூலைப் பார்த்துப் பயந்து பொய் சொன்னவனை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஜெயித்த பிறகும் சிரித்தாயே, அவனைத்தான் என்னால் முடியவில்லை.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்து இறங்கினாயே, அப்போது, இருந்தவர்களையெல்லாம் டீ குடிக்க அனுப்பிவிட்டு, உன்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லத்தான் என்று உனக்கே தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாய். "சொல்லிட்டேம்மா" என்றாய். "காதுல விழுந்துச்சாலே?" என்றேன். "தெரியலம்மா. குனிஞ்சு காதுகிட்ட மெதுவாத்தான் சொன்னேன். கண்ண மூடியிருந்தாவ." நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வலது காது சுவர்ப் பக்கம். நீ குனிந்து நின்றிருக்கக்கூடியது ஒரு பக்கம்தான். கேட்காத இடது காதில் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். தெரியாமல் செய்தாயோ தெரிந்து செய்தாயோ, அதை உன் மனசாட்சிக்கே விட்டுவிட்டேன். நான் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிறவர்களிடம் உங்கள் மகன் பொய் சொன்னான் என்று நான் எப்படிச் சொல்வேன்? விடிவதற்குள் போய்விட்டார்கள். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார்களோ அதோடேயே போய்விட்டார்கள்.

இப்போது உன்கீழே பத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள் என்றாய். பெத்தவள் என்ற முறையில் அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நூல் முறியும். முறியாமல் இருக்காது. முறிகிற அன்றைக்கு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்காதே. உன் கை எதைத் திருகினது என்று பார். வாய் திறந்து மறுத்துப் பேச முடியாத ஆளாகப் பார்த்துப் பழியைப் போடுகிறவனிடம் எந்தப் பிள்ளையும் மனசார வேலை பார்க்காது. உன் தங்கச்சி வீடியோவைப் பார்த்துச் சிரித்தாளே, அவளுக்கும் இன்றைக்கு வரைக்கும் உண்மை தெரியாது. நான்தான் கண்ணாடியைத் தொட்டேன் என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். உன் பழைய டவரின் இரும்புச் சட்டத்தை அப்பா எடைக்குப் போடவில்லை, இன்னும் செட்டில்தான் நிற்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். உப்புக் காற்றில் துரு ஏறி, நான் பொட்டு வைத்த இடத்தில் கறைகூட மிச்சமில்லை. சாட்சிக்கு நீயும் நானும்தான் இருக்கிறோம். நாளைக்கு நான் கண்ணை மூடிவிட்டால் நீ மட்டும்தான். அதற்கப்புறம் அந்தப் பொம்மைப் படம்தான் உண்மை.

அதனால் உன் டவருக்கு நான் வரவில்லை. பொட்டும் வைக்கமாட்டேன். வீடியோவுக்கு வேறு கை பார்த்துக்கொள். நீ வா. கோட்டு வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஒரு வேலைநாளாகப் பார்த்து, லோடு ஏற்றுகிற நேரமாகப் பார்த்து வா. அப்பா படம் செட்டில் அவர்கள் மேஜைக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நின்று, நூல் யாரால் முறிந்தது என்று சொல். என்னிடம் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். நான் வீட்டில் அடுப்படியில்தான் இருப்பேன், நீ வந்தால் சாப்பிட ஏதாவது வேண்டுமே. ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதே. அவர்களுக்குக் காது கேட்காது. செட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லோடுமேன்களுக்கும் எதிர்த்த டீக்கடைக்கும் விழுகிற மாதிரி, அன்றைக்கு என்னைச் சொன்னாயே, அதே சத்தத்தில் சொல்.

அம்மா